கடற்பஞ்சுக்கு நரம்பு இல்லை

நடந்ததை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

2. அதை அறுத்து எடுக்கும்போது குரலுக்குப் போகும் நரம்பில் கத்தி பட்டுவிட வாய்ப்பு உண்டு என்று புதுச்சேரி டாக்டர் அப்பாவிடம் சொன்னார்.

3. அப்பாவின் தங்கை, அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாத அத்தை, அம்மாவின் குரல் போகக்கூடாது என்று முருகன் கோவிலில் பிராது கட்டினாள். தீர்ப்பு வரும் வரை கவுச்சி தொட மாட்டேன் என்றும் அதில் எழுதினாள்.

4. ஸ்பாஞ்சு என்பது ஒரு விலங்கு என்று அக்காவின் பாடப் புத்தகத்தில் இருந்தது.

5. அத்தை காலையிலிருந்து மாலை வரை கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தது ஒரு ஸ்பாஞ்சை.

இந்த ஐந்தில் முதலாவதும் கடைசி இரண்டும்தான் அன்று எனக்கு முழுதாகத் தெரியும். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். இரண்டாவதைப் பெரியவர்கள் எங்கள் முன்னால் பேசவில்லை. மூன்றாவதில், அத்தை பிராது கட்டியது தெரியும், கவுச்சியை விட்டது தெரியும், யாருக்காக என்பது தெரியாது. மஸ்கட்டில் வேலை பார்த்த அத்தையின் கணவர் சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காக இருக்கும் என்று நானும் அக்காவும் எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். அத்தையிடம் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பிராது என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் முருகனிடம் வேண்டிக்கொள்ளவும் செய்யலாம், வழக்கும் போடலாம். குறையைத் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, சுருட்டி, வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்த பிறகு மறக்காமல் போய் வாபஸ் வாங்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் வாசல்படி மிதிக்கத் தயங்குகிறவர்கள்கூட அங்கே தயங்காமல் போவார்கள். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. ஆனால் எழுதிக் கொடுத்த வார்த்தையில் மாற்றம் இருக்கக்கூடாது. வழக்கு என்று வந்துவிட்டால் சாமியானாலும் தாளைத்தான் பார்ப்பார் என்பது அத்தையின் எண்ணம்.

அப்பா, பீங்கான் பட்டறைகள் இருக்கும் செராமிக் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து அகல் விளக்கு செய்துகொண்டிருந்தார். கார்த்திகைக்கு முந்தைய மாதங்களில் வீடே ஷெட்டுக்குக் குடிபோய்விடும். நானும் அக்காவும் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் போவோம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சூளையைப் பார்த்துக்கொண்டார். களிமண் குழம்பை அச்சில் ஊற்றுவது அம்மாவின் வேலை, கட்டி வரும் வரை. அச்சிலிருந்து எடுத்த விளக்கில், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் ஒரு மெல்லிய வரப்பாக எழுந்து நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, தடம் தெரியாமல் ஆக்குவது அத்தையின் வேலை. கேட்பதற்கு எளிது. தண்ணீர் கூடினால் சுடாத மண் குழைந்துவிடும், குறைந்தால் கீறல் விழும். சுட்ட பிறகு எந்தத் தப்பையும் திருத்த முடியாது.

அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்ளாததற்குக் காரணம் ஒரு ரசம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் பெருங்காயம் கூடுதலா குறைவா என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்கே மறந்திருக்கும். பேசுவதில்லையே தவிர, சொல்லவேண்டியது எல்லாம் என் வழியாகச் சொல்லப்பட்டது. ஒரே அடுப்பங்கரையில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு அத்தை என்னிடம், "அரிசிய ஊற வெக்கணுமான்னு ஒங்கம்மாவக் கேளு" என்பாள். நான் திரும்புவதற்குள் அம்மா, "வேணாம்னு சொல்லு" என்பாள். நான் இரண்டு பக்கமும் தலையை மட்டும் ஆட்டினால் போதும். இது எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மாவின் குரல் அந்த நாட்களில் பெரியது. தெருக்கோடியில் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தால் வாசலுக்கு வராமலே கூப்பிடுவாள். அத்தைக்குப் போகவேண்டிய குத்தல்கள் எல்லாம் அந்தக் குரலில்தான் காற்றில் விடப்படும். எதிர்வீட்டுக்காரர்களுக்கும் விவரம் தெரிந்துவிடும். கட்டி வந்த பிறகு குரல் தேயத் தொடங்கியது. தண்ணீர் வராத குழாய் மாதிரி முதலில் காற்றும் பின்னால் கொஞ்சம் சத்தமும் வரும். அத்தைக்கு இது நிம்மதியாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அப்படி நினைப்பதுதான் கணக்குப்படி சரி.

ஸ்பாஞ்சு வந்த கதை சிறியது. அத்தையின் கணவர் ஒரு விடுமுறையில் வந்தபோது, குளிப்பதற்கு என்று மஸ்கட் கடையில் வாங்கி வந்தார். இரண்டு கைகளிலும் ஏந்தும் அளவு, வெல்லப்பாகின் நிறம், உடம்பு முழுக்கத் துளை. அத்தை அதை ஒரு தடவை நனைத்துப் பிழிந்து பார்த்தாள். இவ்வளவு நல்ல சாமானை உடம்பு தேய்க்க வீணாக்குவதா என்று மறுநாளே ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவர் திரும்பி மஸ்கட் போகும் வரை சோப்பையும் நாரையும் வைத்துத்தான் குளித்தார். அதன் பிறகு அத்தை துடைத்த விளக்குகளின் விளிம்பு முட்டை ஓடு மாதிரி இருக்கும் என்று வியாபாரிகள் சொல்வார்கள்.

அக்கா ஒன்பதாம் வகுப்பு. சத்தமாகப் படித்தால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். அவளுக்கு நின்றதோ இல்லையோ, பக்கத்தில் இருந்த எனக்கு நின்றுவிடும். அப்படித்தான் துளையுடலிகள் என்ற பாடம் எனக்கு வந்தது. கடலுக்கடியில் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும். இடத்தை விட்டு நகராது. உடம்பெங்கும் இருக்கும் சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே சாட்டை போன்ற மயிரிழைகள் ஆடி அந்தத் தண்ணீரை ஓட வைக்கும். வேண்டியதை வடிகட்டி எடுத்துக்கொண்டபின் மேலே இருக்கும் பெரிய துளை வழியாக மிச்சம் வெளியேறும். சிலவற்றுக்கு உடம்பைத் தாங்கச் சுண்ணாம்பு முட்களும், சிலவற்றுக்குக் கண்ணாடி போன்ற முட்களும் உண்டு. குளியல் கடற்பஞ்சுக்கு முள் கிடையாது, நார் மட்டும்தான். படத்தைப் பார்த்தேன். அத்தையின் ஸ்பாஞ்சு.

எனக்கு அப்போதே பட்டியல் போடுகிற புத்தி. ஷெட்டுக்குப் போனதும் அத்தையின் தட்டிலிருந்து அதை எடுத்து, அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பெரிய துளைக்குள் சிறிய துளை, அதற்குள் அதைவிடச் சிறியது. துளைகளுக்கு நடுவில் ரோமம் போல நார்ப்பின்னல். துளைகளை எடுத்துவிட்டால் பொருள் என்று மிஞ்சுவது மிகவும் குறைவு. புத்தகத்தில் சொன்ன ஒவ்வொன்றும் இருந்தது. ஒரு விஷயம் சரிபார்க்கப்பட்டால் அதை உரியவரிடம் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

"அத்தை, நீங்க கையில வெச்சிருக்கறது ஒரு விலங்கு" என்றேன்.

"எது, இந்த வெளக்கா?"

"ஸ்பாஞ்சு. அது செடியில்ல. உயிரோட இருந்தது. இது அதோட எலும்புக்கூடு மாதிரி. சதையெல்லாம் அழுவிப் போன பின்னாடி கழுவி விக்கறாங்க."

மாமா சூளைக் கதவுப் பக்கத்திலிருந்து, "ஆமா, ராத்திரியில நாய் மாதிரி கொலைக்கும். அதான் நம்ம ஷெட்டுக்கு வாட்ச்மேன் வெக்கல" என்றார்.

அப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. கையில் பாதி துடைத்த விளக்கு இருந்தது. அதைப் பலகையில் வைத்தாள். ஸ்பாஞ்சைத் தண்ணீர்த் தட்டில் போட்டாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். கண் இருக்குமா? இல்லை. வாய்? இல்லை, உடம்பு முழுக்க வாய் மாதிரிதான். ரத்தம்? இல்லை. வயிறு? அதுவும் இல்லை. குட்டி போடுமா என்றாள். சின்னதாக இருக்கும்போது நீந்திக்கொண்டு சுற்றும், அப்புறம் ஒரு பாறையைப் பிடித்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், கடைசி வரைக்கும் அந்த இடம்தான் என்றேன்.

"அப்போ பொண்ணாப் பொறந்திருக்கும்" என்றாள். அந்த நேரத்திலும் அத்தைக்கு இப்படி ஒன்று வரும்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "நரம்பு?" என்று கேட்டாள்.

"நரம்பும் கெடையாது."

"நரம்பு இல்லாம ஒரு உசுரு இருக்க முடியுமா?"

"இருக்குதே அத்தை."

"நல்லா இருக்குமா?"

கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. புத்தகத்தில் இல்லாத கேள்வி, நானே யோசித்துப் பதில் சொல்லவேண்டிய கேள்வி. "நல்லாத்தான் இருக்கும். சத்தம் மட்டும் போடாது" என்றேன்.

அத்தை எழுந்து போய்விட்டாள். பாடம் போரடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விஷயம் பெரிதாகிவிட்டது. விலங்கு என்றால் அதுவும் கவுச்சிதான் என்று அத்தை ஸ்பாஞ்சைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் பலகைமேல் பலகையாகத் துடைக்காத விளக்குகள் சேர்ந்துகொண்டிருந்தன. வெயிலில் காய்ந்துவிட்டால் அவை எதற்கும் ஆகாது. மாமா வழக்காட வந்தார். பெயரே கடற்பஞ்சு. பஞ்சு எங்கேயாவது ஆடு மாடு ஆகுமா? பாடப் புத்தகத்தில் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள், புத்தகம் போடுகிறவன் கடலுக்குள்ளே இறங்கியா பார்த்தான்? சரி, உயிர் என்றே வைத்துக்கொள்வோம். கவுச்சி தொட மாட்டேன் என்றால் தின்ன மாட்டேன் என்றுதானே அர்த்தம்? கறி, மீன், முட்டை எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் கவுச்சி என்ற ஒரே சொல்தான். அதை யாரும் தின்ன மாட்டேன் என்று சொல்வதில்லை, தொட மாட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

"எந்த ஊருல தொடறதுன்னா தொடறது?" என்று முடித்தார் மாமா.

"பேச்சுல சொல்லியிருந்தா சரி. நான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள் அத்தை.

"நீ என்னா நெனச்சு எழுதனன்னு சாமிக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.

"தெரியும். தெரிஞ்சும் எழுதனது எழுதனதுதான்னு சொல்லிட்டா என்னா பண்றது? என் வழக்குன்னா பரவால்லண்ணே."

அப்பா ஏதோ சொல்ல வந்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், கணவர் வெளிநாட்டில் இருக்கிற தங்கையின் மனதைப் புண்படுத்தக்கூடாது என்பதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் எதையும் சுட்டுப் பார்த்துத்தான் நம்புவோம். அதனால் சுட்டுப் பார்த்துவிடலாம் என்று மாமா சொன்னது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பஞ்சு என்றால் பஞ்சு வாசனை வரும், அவ்வளவுதானே? ஒரு விளக்குத் திரியை எடுத்து வந்தார். ஸ்பாஞ்சின் ஓரத்தில் விரல்நுனி அளவுக்குக் கிள்ளி, வெயிலில் காயவைத்து, இடுக்கியில் பிடித்தார். முதலில் திரியைக் கொளுத்தினார். துணி கருகும் வாசனை, கார்த்திகை விளக்கு அணையும்போது வருமே, அது. எல்லோரும் தலையாட்டினோம். அடுத்து ஸ்பாஞ்சுத் துண்டு. அது எரியவில்லை. சுருண்டது, பொரிந்தது, கறுப்பாக ஒரு மணி போல முடிச்சாகிவிட்டது. அடுப்பில் தலைமுடி விழுந்தால் வரும் நாற்றம் ஷெட்டு முழுக்கப் பரவியது.

மாமா மூக்கைச் சுளிக்காமல், "பஞ்சு" என்றார்.

அப்பா அடுக்கி வைத்திருந்த விளக்குகளைப் பார்த்தபடி, ஏதோ சாக்குத் துணி கருகுகிற மாதிரிதான் இருக்கிறது என்றார். தீபத்துக்கு முன்னால் சரக்கு திருவண்ணாமலை கடைக்குப் போயாக வேண்டும். துடைக்காத விளக்கை யாரும் வாங்க மாட்டார்கள்.

அத்தை இருவரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடி."

மாமா அத்தைக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். ஜாடை புரியாமல் இல்லை. ஆனால் சோதனை சரியாக நடந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் திரியும் இருந்தது. முடிவு தெளிவாக இருந்தது. "முடி அத்தை. முடி கருகற நாத்தம்" என்றேன்.

அத்தை குழாயடியில் போய்ச் சோப்பு போட்டுக் கை கழுவினாள். முழங்கை வரைக்கும், நகக்கண் விடாமல் கழுவினாள். தண்ணீர்த் தட்டைக் கொட்டி, ஸ்பாஞ்சை ஒரு குச்சியால் தள்ளிச் சுவரோரப் பலகையில் வைத்தாள்.

அடுத்த சில நாட்கள் எல்லோரும் வேறு வழி தேடினார்கள். மாமா சீட் கவர் தைக்கும் ரெக்ஸின் கடையிலிருந்து, பைக் கழுவுகிற ஸ்பாஞ்சு ஒன்று வாங்கி வந்தார். அது தண்ணீரைக் குடிக்கும், கொடுக்கும்போது ஒரேயடியாகக் கொட்டிவிடும். விளிம்பு குழைந்தது. பழைய மெத்தையை வெட்டிப் பார்த்தார்கள், கோடு விழுந்தது. வேட்டித் துணியில் நெசவு அப்படியே பதிந்தது. அத்தை விரல் நுனியால் துடைத்துப் பார்த்தாள். வெறும் விரலால் துடைத்த விளக்குகளைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொன்றிலும் அத்தையின் கைரேகை தெரிந்தது. கெட்டவற்றை அப்பா எடுத்து மறுபடி ஊறப்போட்டார். அத்தை இரவில் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். பாதியில் முறிந்த விரதத்தை முதலிலிருந்து தொடங்கலாமா, பிராதில் அதற்கு இடம் உண்டா என்று கோவிலில் போய்க் கேட்கப்போவதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். மாமா, அங்கே போனால் பூசாரிக்கு முதலில் துளையுடலிகள் பாடம் நடத்த வேண்டியிருக்கும், பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போ என்று என்னைச் சொன்னாராம்.

சனிக்கிழமை மதியம் அம்மா ஷெட்டுக்குச் சோறு எடுத்து வந்தாள். உடம்பை அலட்டிக்கொள்ளக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா வேலைக்கு உட்காருவதில்லை. கூடையை இறக்கி வைத்தாள். பலகைகளைப் பார்த்தாள். கெட்டுப்போன விளக்குகள் ஊறிக்கொண்டிருந்த தொட்டியைப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுவரோரமிருந்து ஸ்பாஞ்சை எடுத்து வந்து, அத்தைக்கு எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நனைத்துப் பிழிந்து, ஒரு விளக்கை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

அம்மாவுக்கு அந்த வேலை வராது. அவள் கை அச்சுக்குப் பழகிய கை. முதல் விளக்கிலேயே தண்ணீர் கூடி மூக்கு வளைந்துவிட்டது. அத்தையால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. என் பக்கம் திரும்பி, "ஒங்கம்மாகிட்ட சொல்லு, இவ்ளோ தண்ணி ஆவாதுன்னு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"என்கிட்டயே சொல்லு" என்றாள் அம்மா.

அந்தத் தேய்ந்த குரலில் அது கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாமா சூளைக்குள் எதையோ தேடுகிற மாதிரி தலையை உள்ளே விட்டுக்கொண்டார். அம்மா இன்னொரு விளக்கை எடுத்தாள்.

"நீ தொடாத. நான் தொடறேன்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்குத்தான் ஒரு வேண்டுதலும் இல்லயே" என்றாள்.

நெடுநேரம் கழித்து அத்தை கத்தியை எடுத்து ஒரு விளக்கின் வரப்பைச் சீவினாள். அதை அம்மாவின் பக்கம் நீட்டினாள். "ஓரத்துல மெதுவா வெக்கணும் அண்ணி. அழுத்தனா கோடு உழும். அது தானா எடுத்துக்கும்."

அப்படித்தான் அந்த வருடத்துச் சரக்கு முடிந்தது. அத்தை விளக்கை இரண்டு கைகளிலும் பிடித்துத் திருப்பிக்கொடுக்க, அம்மா ஸ்பாஞ்சை அதன்மேல் வைத்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு ஈரம், எங்கே நிறுத்துவது, எல்லாம் அத்தை சொல்லச் சொல்ல. ஒரு விளக்குக்கு நான்கு கைகள் என்பது எந்தக் கணக்கிலும் கட்டாத வேலைமுறை. இன்றைக்கு ஒரு தொழிற்சாலையில் யாராவது இப்படிச் செய்தால் நானே நிறுத்தச் சொல்வேன். அம்மாவின் கை பழகுவதற்குள் தீபம் நெருங்கிவிட்டது. வண்டி கிளம்பும்போது கடைசிப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டே ஓடினோம். அதற்குள் அவர்கள் மறுபடி சண்டை போடத் தொடங்கியிருந்தார்கள். வைக்கோல் எந்தப் பக்கம் திணிப்பது என்பதில். இந்தத் தடவை நேராகவே. எனக்கு வேலை போய்விட்டது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

தை பிறப்பதற்கு முன் அம்மாவுக்குப் புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. கூட இருக்கப் போனது அத்தை. திரும்பி வந்தபோது அம்மாவின் கழுத்தில் சங்கிலி போட்ட மாதிரி ஒரு கோடு இருந்தது. குரல் வெறும் காற்றாக இருந்தது. வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும். அத்தை அப்படித்தான் வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு எங்களுக்கு உரக்கச் சொன்னாள், திட்டாக இருந்தால் திட்டாகவே, தன்னைத் திட்டியதையும் சேர்த்து. மெல்ல மெல்ல குரல் வந்தது. ஆனால் முன்பிருந்தது வரவில்லை. தாழ்ந்து, கரகரத்து, வாசலைத் தாண்டாத ஒரு குரல் வந்தது.

பிராதை வாபஸ் வாங்க அத்தை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். துணைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். பாதித் தீர்ப்புதான் வந்திருக்கிறது, அப்பீல் போட்டிருக்கலாமே என்று மாமா கேலி செய்தார். வந்த பாதிக்கும் வராத பாதிக்கும் அந்த ஸ்பாஞ்சுக்கும் அவள் மனதுக்குள் ஏதாவது கணக்கு இருந்ததா என்று நான் பெரியவளான பிறகும் கேட்டதில்லை. டாக்டர்கள் சொல்லும் காரணம் எளியது. நரம்பை அறுக்கவில்லை, இழுபட்டிருக்கிறது.

பிராது யாருக்காக என்பதை, நான் காலேஜில் சேர்ந்த பிறகு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதோடு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரியவில்லை. ஒன்று பாக்கி இருந்தது, அது என் வழியாகவே போயிருந்தது. பிராதில் யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்களுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதச் சொல்வார்கள் என்பதை ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குக் கட்டி வந்த புதிதில், அத்தை என்னிடம், "ஒங்கம்மா நட்சத்திரம் என்னான்னு கேட்டுட்டு வா" என்று அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். யார் கேட்டது என்று கேட்கவில்லை. "அனுஷம்னு சொல்லு" என்றாள். மறந்துவிடக்கூடாது என்று அனுஷம், அனுஷம் என்று சொல்லிக்கொண்டே நான் ஷெட்டின் அந்தக் கோடிக்கு ஓடினேன். அரிசி ஊற வைப்பது போல அதுவும் ஒரு செய்தி.

அதாவது பிராது தனக்காகத்தான் என்பது அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எனக்குத்தான் ஒரு வேண்டுதலும் இல்லயே என்று அவள் சொன்னபோது அங்கே இருந்தவர்களில் அந்த வாக்கியத்தை அதன் நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டவள் நான் ஒருத்திதான். சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது சரியாகச் சொன்ன பிள்ளை. இரண்டு பெண்களும் பேசிக்கொள்வதில்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

இப்போது நிலவரம் இது. நான் ஊரிலேயே செராமிக் படித்துவிட்டு, ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். சுட்ட பொருளில் கண்ணுக்குத் தெரியாத துளை எவ்வளவு, அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அளப்பது வேலை. அப்பா ஷெட்டை மாமாவிடம் விட்டுவிட்டார். அங்கே இப்போது செயற்கை ஸ்பாஞ்சிலேயே நல்ல ரகம் வந்துவிட்டது. அத்தையின் கணவர் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டார், இருவரும் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறார்கள். அத்தை மீன் சாப்பிடுகிறாள். அம்மா காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை போட்டுக்கொள்கிறாள், ஆயுளுக்கும் போட வேண்டும். அவளும் அத்தையும் போனில் அடிக்கடி சண்டை போடுகிறார்கள். அம்மா பேசுவது போனில் பாதி நேரம் எனக்கே புரிவதில்லை. அத்தைக்குப் புரிகிறது.